கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

பிரான்சில் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் சில தடங்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரையே கிடையாது. கூரை போடுவது பெரிய செலவும் அல்ல. பிறகு ஏன் போடவில்லை? ஜூல் துப்வி என்ற பொறியாளர் 1849-இல் இதற்கு விடை சொன்னார். ஏழைகளை நனையவிடுவது கம்பெனியின் நோக்கமல்ல; இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான். 1990-இல் ஐபிஎம் இன்னும் ஒரு படி மேலே போனது. நிமிடத்துக்கு 10 பக்கம் அச்சிடும் பிரிண்டரின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, 5 பக்கம் அச்சிடும் மலிவு மாடல் என்று விற்றது.

ஏழு பேர் போகும் எஸ்யூவி வாங்க ஷோரூமுக்குப் போனால் கையில் தரும் விலைப்பட்டியலும் இந்த வம்சம்தான். ஒரே வண்டி, பல நேரம் ஒரே இன்ஜின். பேஸ் மாடலுக்கும் டாப் எண்டுக்கும் இடையே பல லட்சம் வித்தியாசம், நடுவில் நாலைந்து படிகள். நமக்குத் தேவையான ஒன்று எப்போதும் ஒரு படி மேலே இருக்கும். அதற்காக ஏறினால், "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா சன்ரூஃப் வந்துடும் சார்" என்பார் சேல்ஸ்மேன். மூன்று விலை வைத்தால் பலரின் மனம் நடு விலைக்குச் சாயும் என்பதை இதாமர் சைமன்சன் 1989-இலேயே ஆய்வில் காட்டிவிட்டார்.

ஆனால் மோதலின் வேகத்துக்கும் வெயிலின் சூட்டுக்கும் அந்தப் பட்டியல் தெரியாது. செங்கல்பட்டு அருகே மகிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்யூவி700-ஐ எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் மோதல் சோதனை நடத்தும் குளோபல் என்கேப் அமைப்பு அதை மோதிப் பார்த்தபோது வண்டியில் இருந்தவை இரண்டே ஏர்பேக்குகள். பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, ஆறு ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் தரும் கியா கேரன்ஸுக்கு அதே அமைப்பு கொடுத்தது மூன்று. மோதலில் முதலில் வேலை செய்வது வண்டியின் எலும்புக்கூடு. முன்பகுதி நசுங்கி வேகத்தை உறிஞ்ச வேண்டும். ஆட்கள் இருக்கும் கூடு உருக்குலையாமல் நிற்க வேண்டும். அதன் மேல்தான் சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் உதவும். இந்தக் கூடு பேஸ் மாடலுக்கும் டாப் எண்டுக்கும் பொதுவானது.

அதற்காகக் கூடுதல் ஏர்பேக் வீண் என்று சொல்லவில்லை. பக்கவாட்டில் மோதினால் கதவுக்கும் நம் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இராது. அங்கே திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக்தான் துணை. அது மூன்றாவது வரிசை வரை நீளுகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ஆறு ஏர்பேக்" என்ற எண்ணிக்கை மட்டும் அதைச் சொல்லாது.

உயரமான வண்டிக்கு இன்னொன்றும் முக்கியம்: சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி. 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு பத்திரிகைக்காரர், குறுக்கே வரும் மானைத் தவிர்ப்பதுபோல ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பிப் பார்த்தார். புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, அந்த மாடலின் எல்லா வண்டிக்கும் ஈஎஸ்சி பொருத்தியது. வண்டி திரும்பும் விதமும் ஸ்டீயரிங் திரும்பிய விதமும் ஒத்துப்போகாவிட்டால், தேவையான சக்கரத்தில் மட்டும் அது பிரேக் போடும். தனியாகக் கட்டுப்பாடிழந்து நேரும் உயிர்ப்பலி விபத்துகளின் அபாயத்தை இது ஏறத்தாழப் பாதியாக்குகிறது என்பது அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வுகளின் கணக்கு. நீங்கள் பார்க்கும் வேரியண்டில் இது இல்லையென்றால் அடுத்த படிக்கு ஏறுவதில் தப்பே இல்லை.

அலாய் வீலுக்காக ஏறலாமா? எக்ஸ்யூவி700-இன் கீழ்ப்படி டயர் 235/65 ஆர்17, மேல்படி டயர் 235/60 ஆர்18. அகலம் 235 மில்லிமீட்டர். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், டயரின் பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் முதலாவதில் பக்கச்சுவர் 153 மி.மீ., இரண்டாவதில் 141. மொத்த விட்டத்தில் வித்தியாசம் 2 மி.மீ.தான். அதாவது பெரிய வீல் வண்டியை உயர்த்தவில்லை, 12 மி.மீ. ரப்பரையும் காற்றையும் எடுத்துவிட்டு அங்கே உலோகத்தை வைத்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது அடியைத் தாங்குவது அந்த ரப்பரும் காற்றும்தான். பார்க்க அழகு, வளைவில் கொஞ்சம் பிடிப்பு. நம் ஊர்ச் சாலைக்கு நான் 17 அங்குல வீலையே எடுப்பேன்.

சன்ரூஃப் பற்றி ஏப்ரல் மாத வேலூரில் கேளுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெப்பம் ஏறத்தாழ 1,000 வாட். கறுப்புக் கண்ணாடி அதில் கால்வாசியை உள்ளே விட்டாலும் 250 வாட். உள்ளே இழுக்கும் துணித்திரை வெளிச்சத்தை மறைக்கும். ஆனால் சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரும் ஆளுக்குச் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். ஏழு பேருக்கு 700. டேஷ்போர்டில் கிளம்பும் குளிர்க்காற்று இரண்டு வரிசையைக் கடந்து கடைசி சீட்டுக்கு வருவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். ஆகவே கூரையில் கண்ணாடி உண்டா என்பதைவிட, மூன்றாவது வரிசைக்கு ஏசி வென்ட் உண்டா, அதற்குத் தனி கூலிங் காயில் இருக்கிறதா, இல்லை வெறும் ஃபேன்தானா என்று கேட்பதே புத்திசாலித்தனம். ஏசி மெக்கானிக்கைக் கேட்டால் இந்த வித்தியாசத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எந்த வேரியண்டும் விற்காத ஒன்றும் உண்டு: வெளிக்காற்று. ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை மூச்சில் விடுகிறார். ஏழு பேர் 140 லிட்டர். வண்டிக்குள் 4,500 லிட்டர் காற்று என்றும், துளி ஒழுக்குக்கூட இல்லை என்றும் வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு பத்து லட்சத்தில் 5,000 பங்கைத் தாண்டும். வெளிக்காற்றில் இருப்பது 420-ஐ ஒட்டி. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் உச்சவரம்பே அந்த 5,000தான். நிஜ வண்டியில் இடுக்குகள் வழியே காற்று வந்துபோவதால் இவ்வளவு வேகமாக ஏறாது. என்றாலும் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்திவிட்டு விழுப்புரம் வரை மறந்தால், குழந்தைகள் தூங்கி வழிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெளிக்காற்றை உள்ளே விடும் பட்டன் பேஸ் மாடலிலும் இருக்கிறது.

சீட் கவர், டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, அலாய் எல்லாமே பிறகு வெளியே போட்டுக்கொள்ளக்கூடியவை. ஒயரை வெட்டினால் வாரண்டி போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ட்டன் ஏர்பேக், ஈஎஸ்சி, பின் ஏசி ஆகியவற்றை எந்த ஆக்சஸரி கடையிலும் வாங்க முடியாது. கடைசி வரிசையின் பாதுகாப்பும் பிறகு சேர்க்கக்கூடியதல்ல. பின்னாலிருந்து லாரி இடித்தால் கடைசி சீட்டுக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே நசுங்குவதற்கு அதிக இடமில்லை. எனவே அங்கே ஹெட்ரெஸ்ட் தலை உயரத்துக்கு ஏறுகிறதா, தோளைத் தாண்டி வரும் பெல்ட் இருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்குத் தரும் வண்டி பெரும்பாலும் டாப் எண்டாக, ஓட்டுபவரும் சேல்ஸ்மேனும் மட்டும் இருக்கும் காலி வண்டியாக இருக்கும். வாங்கப்போகும் வேரியண்டையே கேளுங்கள். வீட்டில் உள்ள ஏழு பேரையும் ஏற்றி, பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு மேம்பாலம் ஏறி இறங்குங்கள். ஸ்டீயரிங்கைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் ஏறிக்கொள்ளலாம்.