கூரைக்கு எத்தனை ஓடுகள் வேண்டும்?

(வட்டார வளர்ச்சி அலுவலர், கண்டமங்கலம்)

வீட்டுக்கு ஓடு போட முற்படும் குடியானவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை ஓடு வாங்குவது?" என்பதாகும். இது சிறு கேள்வியாகத் தோன்றினும், விடை தவறினால் விளையும் இடர் சிறிதன்று. மிகுதியாக வாங்கினால் பணம் முடங்கும். குறைவாக வாங்கினால் வீடு நனையும்.

எமது ஊராட்சி ஒன்றியத்தில், 2024-ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில், கணவரை இழந்த ஓர் அம்மையார் ஆடுகளை விற்ற பணத்தைக் கொண்டு, கீற்றுக் கூரையை அகற்றிச் சீமை ஓடு போட முனைந்தார். கணக்கிட்டவர் வீட்டின் தரையை அளந்து, 540 ஓடுகள் போதும் என்றார். முன்புறச் சரிவு முழுவதும் மூடப்பட்டது. பின்புறச் சரிவில் பாதிக்கு முன்பே ஓடு தீர்ந்தது. அதே முத்திரை ஓடு மறுமுறை கிடைக்கவில்லை. வேறு முத்திரை ஓட்டின் பள்ளமும் மேடும் பழைய ஓட்டோடு பொருந்தவில்லை. எஞ்சிய இடத்தில் தார்ப்பாய் கட்டினார். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தார்ப்பாய் பறந்தது; விதைக்கென வைத்திருந்த மணிலா மூட்டைகள் நனைந்து வீணாயின.

பிழை எங்கே நேர்ந்தது? தரைப்பரப்பு வேறு, கூரைப்பரப்பு வேறு என்பதை மறந்ததே பிழை. கூரை சரிந்து நிற்பது. சுவருக்கு வெளியேயும் நீண்டு இறங்குவது. அவ்வீட்டையே எடுத்துக்கொண்டு கணக்கைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, கூரையை அளத்தல். வீட்டின் நீளம் 24 அடி, அகலம் 15 அடி. தரைப்பரப்பு 360 சதுர அடி. முகடு சுவரின் தலைப்பிலிருந்து 4 அடி உயரம். முகட்டிலிருந்து சுவர் வரை கயிறு பிடித்தால் 8½ அடி வருகிறது. சுவருக்கு வெளியே இறவாரம் சரிவாக்கில் 1½ அடி. ஆகச் சரிவின் நீளம் 10 அடி. நீளவாட்டில் இருபுறமும் ஒவ்வோர் அடி வெளியே நீட்டினால் கூரையின் நீளம் 26 அடி. ஒரு சரிவு 260 சதுர அடி; இரு சரிவும் சேர்ந்து 520 சதுர அடி. தரையைவிட 160 சதுர அடி மிகுதி என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, ஓட்டை அளத்தல். 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொழிற்சாலை அமைத்துச் செய்யத் தொடங்கிய ஓட்டின் வழிவந்ததே நமது சீமை ஓடு. இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு 410 × 235, 420 × 250, 425 × 260 மில்லிமீட்டர் என மூன்று அளவுகள் உண்டு. பெரிய ஓடு சிறியதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பெரிது. எனவே பிறர் வீட்டுக் கணக்கு நம் வீட்டுக்கு ஆகாது. மேலும், ஓர் ஓட்டின் மேல் மற்றோர் ஓடு ஏறி அமர்வதால், ஓட்டின் முழு அளவும் கூரையை மூடுவதில்லை.

இதற்கு எளிய வழி உண்டு. 11 ஓடுகளை ஒன்றோடொன்று கோத்து வரிசையாக வையுங்கள். முதல் ஓட்டின் இடது விளிம்பிலிருந்து பதினோராம் ஓட்டின் இடது விளிம்பு வரை அளந்து பத்தால் வகுத்தால், ஓர் ஓடு மெய்யாக மூடும் அகலம் கிடைக்கும். நெருக்கி வைத்து ஒரு முறையும், தளர்த்தி வைத்து ஒரு முறையும் அளந்து சராசரி கொள்க. மேலும் கீழுமாக அடுக்கி, நீளத்தையும் இவ்வாறே காணலாம்.

மூன்றாவது, வரிசைகளை எண்ணுதல். மேற்கண்ட ஓடு நீளத்தில் 12 அங்குலமும் அகலத்தில் 8 அங்குலமும் மூடுவதாகக் கொள்வோம். 10 அடிச் சரிவுக்கு 10 வரிசைகள். 26 அடி என்பது 312 அங்குலம். எட்டால் வகுத்தால் வரிசைக்கு 39 ஓடுகள். ஒரு சரிவுக்கு 390. இரு சரிவுக்கும் 780. வகுக்கும்போது மீதி வந்தால், அடுத்த முழு எண்ணைக் கொள்ள வேண்டும். அரை வரிசை என்று ஒன்று இல்லை.

நான்காவது, உடைசல். நூற்றுக்கு ஐந்து வீதம் 39 சேர்த்தால் 819. 820 ஓடுகள் வாங்கலாம். முகட்டு ஓடு தனிக் கணக்கு. ஒன்று 13 அங்குலம் மூடுமாயின் 312 அங்குலத்துக்கு 24. கையிருப்புக்கு இரண்டு கூட்டி 26.

நாட்டு ஓடு போடுவோர், மூன்றடிக்கு மூன்றடிச் சதுரத்தில் முறைப்படி அடுக்கி எண்ணி, ஒன்பதால் வகுத்தால் சதுர அடிக்கு ஆகும் ஓடு தெரியும்.

ஊராட்சி உறுப்பினர்கள் அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ தரை ஓடு பதிக்க மதிப்பீடு தயாரிக்கும்போதும் இக்கவனம் வேண்டும். கடையில் 'இரண்டடி ஓடு' என்பது பெரும்பாலும் 60 செ.மீ.; இரண்டடியோ ஏறக்குறைய 61 செ.மீ. 16 அடிக்கு 12 அடி அறைக்கு, பெயரை நம்பினால் 48 ஓடுகள் போதும். மெய்யளவில் பார்த்தால் பரப்புக்கே 50 ஆகும். வெட்டுச் சேதத்துடன் 53. பெட்டிக்கு 4 ஓடுகள் எனில் 14 பெட்டிகள். இவ்வளவுகளைக் கிராம சபையில் படித்துக் காட்டினால் ஐயத்துக்கு இடமிராது.

அந்த அம்மையாரின் வீடு என்ன ஆயிற்று? 2025 சித்திரையில் முன்புறச் சரிவில் பழைய ஓடுகளை அப்படியே விட்டு, பின்புறச் சரிவு முழுவதற்கும் வேறு முத்திரை ஓடு வாங்கப்பட்டது. முகட்டுக்கு இருபுறமும் உள்ள ஓடுகள் ஒன்றோடொன்று கோப்பதில்லை ஆதலால், இவ்வாறு செய்ய இயன்றது. ஆயினும், 240 ஓடுகள் குறைந்த இடத்துக்கு 390 ஓடுகளும் உடைசலுக்கு 20-ம் வாங்க நேர்ந்தது. இம்முறை கயிற்றின் ஒரு முனையை அவரே பிடித்து அளந்தார்.

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்னரே அளவெடுங்கள். கயிறு முகட்டிலிருந்து இறங்கட்டும். ஓடு முழுவதையும் ஒரே முத்திரையில் ஒரே தடவையில் வாங்குங்கள்.