எடைக்குப் போகவிருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகள்

புழல் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெருவில், திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். சங்கத்தில் பொருளாளராகவும் இருந்தவர். அவர் காலமான பிறகு, வீட்டை இடித்துக் கட்ட முடிவு செய்த மகன் என்னைக் கூப்பிட்டார். "அப்பாவோட பேப்பருங்க ரெண்டு பொட்டி கெடக்குண்ணே. எடைக்குப் போட்டா ஏதோ தேறும். உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

பெட்டிகளில் இருந்தவை: போனஸ் ஒப்பந்தங்களின் தட்டச்சுப் பிரதிகள், கேட் மீட்டிங் நோட்டீஸ்கள், கூட்டக் குறிப்பேடுகள், சந்தா ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், விசாரணை நோட்டீசுக்குத் தொழிலாளர்கள் எழுதிய பதில்கள், கதவடைப்பு நாட்களில் எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ அரிசி கொடுத்தார்கள் என்று பென்சிலில் எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கொடுத்துவிடலாம் என்று கொண்டுபோனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "புத்தகமா இருந்தா சொல்லுங்க சார். இதுக்கு எப்படி நம்பர் போடறது?" அன்றைக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. பல்கலைக்கழக நூலகங்களில் 'சிறப்புத் தொகுப்பு' உருவாக்குவது என்பதே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நூலகம் பழகியிருப்பது புத்தகத்துக்கு. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று நான்கு விவரம் இருந்தால் அட்டை போட்டுவிடலாம். நம் ஊரில் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அமைத்துக் கொடுத்த அடித்தளம் அப்படிப்பட்டது. டிரங்குப் பெட்டியில் இருப்பதற்கு ஆசிரியரும் கிடையாது, இன்னொரு பிரதியும் கிடையாது. ஒரு சந்தா ரசீதைத் தனியாக எடுத்தால் அது வெறும் துண்டுக் காகிதம். அதையே அரிசி நோட்டோடும் கூட்டக் குறிப்பேட்டோடும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எத்தனையாவது மாதத்தில் சந்தா வருவது நின்றது, அந்த வாரம் சங்கம் என்ன முடிவெடுத்தது என்பது தெரிகிறது. அதனால்தான் ஆவணக் காப்பாளர்கள் முதல் விதியாக, வந்த வரிசையைக் கலைக்காதே என்கிறார்கள். நோட்டீசை நோட்டீசோடும் கடிதத்தைக் கடிதத்தோடும் அடுக்கிவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாதிச் செய்தி போய்விடும்.

எனவே நம்பர் ஒவ்வொரு தாளுக்கும் வேண்டாம். முழுப் பெட்டிக்கும் ஒரே சேர்க்கை எண். அதன் கீழ் கோப்பு வாரியாக ஒரு பட்டியல்: யாருடையது, எந்த ஆண்டுகள், எத்தனை கோப்பு, ஒவ்வொன்றிலும் பொதுவாக என்ன. பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். ஒரு ஆய்வாளர் தேடி வருவதற்கு அதுவே வாசல். தாள் தாளாக விவரிப்பதை அடுத்த தலைமுறைக்கு விட்டுவிடலாம், தப்பில்லை.

தமிழில் இதற்கு நம் கண்முன் இருக்கும் உதாரணம் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்தது அது. புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று அன்றைக்குப் பல நூலகங்கள் தொடக்கூட மறுத்திருக்கும் சரக்கு. அவர் 1992இல் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. வாங்கிய விதம்தான் முக்கியம். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகவில்லை. மூலம் சென்னையிலேயே இருக்கும், நுண்படம் எடுத்துப் பிரதியைப் பகிர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. முகப்பேரில் தொடங்கி இப்போது தரமணியில் இருக்கிறது.

சிகாகோவுக்கு ஏன் தமிழ்மேல் இந்த அக்கறை? அதன் பின்னணியில் கோதுமை இருக்கிறது. அமெரிக்காவின் பி.எல். 480 சட்டப்படி இந்தியா வாங்கிய தானியத்துக்கு ரூபாயில் பணம் கட்டியது. அந்த ரூபாயில் ஒரு பகுதியை வைத்து, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கித் தங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. முப்பது வருஷம் தமிழ்ப் புத்தகம் வந்துகொண்டிருந்த ஒரு நூலகத்துக்குக் கோட்டையூர்த் தொகுப்பின் மதிப்பு புரிந்ததில் ஆச்சரியம் இல்லை. நமக்குப் புரிந்ததா என்பது வேறு பேச்சு.

தொழிலாளர் ஆவணங்களுக்கென்றே உள்ள மாதிரி இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1973இல் அங்கே தொடங்கிய நவீன ஆவண மையம் தொழிற்சங்கங்களின் காகிதங்களையும் முதலாளிகள் அமைப்புகளின் காகிதங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. கார் தொழிற்சாலைகள் நிறைந்த கவென்ட்ரியின் ஓரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் அது. இந்தியாவில் நொய்டாவின் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் 1998 முதல் ஓர் ஆவணக் காப்பகம் உண்டு. ஆனால் எண்ணூர்க்காரர் ஒருவர் தன் அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொய்டாவுக்கா போவார்?

வடசென்னையின் வரலாறு சின்ன விஷயம் இல்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் பிறந்தது. அதன் தொழிலாளர்கள் வேலை செய்த பின்னி மில் 1996இல் மூடிவிட்டது. வரிசையாக எத்தனையோ ஆலைகள். ஆலை மூடினால் கம்பெனிக் காகிதம் ஒரு பக்கம் போகும், சங்கத்துக் காகிதம் வீடுகளின் பரணுக்குப் போகும். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சான புத்தகம் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பென்சிலில் எழுதிய அரிசி நோட்டை அப்படிக் கேட்டு வாங்க எந்தச் சட்டமும் இல்லை.

"ஸ்கேன் பண்ணிட்டா போதுமே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்கேன் நல்லதுதான். ஆனால் விவரப் பட்டியல் இல்லாத இரண்டாயிரம் படங்களில் எதையும் தேட முடியாது, ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் போகும். காகிதத்துக்கோ வேறு கவலைகள். கடற்காற்றின் ஈரம், கரையான், துருப்பிடித்த குண்டூசி. நான் முதலில் செய்தது குண்டூசிகளை எடுத்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலரும் யோசிப்பதில்லை. விசாரணைப் பதில்களில் உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயர் வருகிறது. யார் குடித்துவிட்டு ஷிஃப்டுக்கு வந்தார், யார் சங்கத்துக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டார் என்று எல்லாம் இருக்கிறது. இந்தக் கோப்புகளை இத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்று கொடுப்பவரும் நூலகமும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கொடைப் பத்திரம் என்பது அதற்குத்தான். பெட்டி யாருக்குச் சொந்தம், பிரதி எடுக்கலாமா, பிற்பாடு நூலகம் வேண்டாம் என்றால் யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும்.

பெட்டிகள் இப்போது என் வீட்டில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகைமேல் இருக்கின்றன. முதல் பெட்டிக்குப் பட்டியல் முடிந்துவிட்டது. பத்திரத்தை எழுதி மகனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நான் மட்டும் போட்டா செல்லாதுண்ணே, தங்கச்சியும் போடணும். அவ மணலியில இருக்கா" என்றார். வரும் வாரம் மணலிக்குப் போக வேண்டும்.