வலிமை வளரும் வழி

கிரேக்க மக்கள் தென் இத்தாலியில் குடியேறி அமைத்த நகரங்களுள் குரோட்டன் என்பது ஒன்று. கி. மு. 6ஆம் நூற்றாண்டில் அந்நகரில் மைலோ என்னும் மல்லன் ஒருவன் வாழ்ந்தான். ஒலிம்பியாவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்ற விளையாட்டு விழாக்களில், மற்போரில் ஆறு முறை வாகை சூடியவன் அவன். அவனுக்கு அத்துணை வலிமை எவ்வாறு வந்தது என்பது பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. இளமையில் அவன் கன்றுக்குட்டி ஒன்றைத் தோளில் தூக்கிச் சுமக்கத் தொடங்கினான். நாள்தோறும் தவறாது சுமந்து வந்தான். கன்று வளர்ந்தது, அதனோடு அவன் தோள்வலியும் வளர்ந்தது. கன்று காளையாகிய பின்னரும் அவனால் அதனைச் சுமக்க முடிந்தது என்பர்.

இக்கதையில் கற்பனை கலந்திருக்கலாம். எனினும், அதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. வலிமை ஒரே நாளில் வந்து அடைவதன்று. தாங்கக்கூடிய சுமையில் தொடங்கி, அதனைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போனால், உடல் அச்சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. உடல் வலிமைப் பயிற்சிகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

ஆயினும், கதை சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. கன்று எவருக்காகவும் காத்திருப்பதில்லை. சுமப்பவன் நன்கு உறங்கினானா, உண்டானா, களைத்திருக்கிறானா என்று அது பாராது. தன் போக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். மனிதனுடைய வலிமையோ தொடக்கத்தில் விரைந்தும், பின்னர் மெல்லவும், தேர்ச்சி பெற்ற பின் மிக மெல்லவும் வளர்வது. ஆதலின், புதியவருக்கு ஏற்ற பயிற்சி தேர்ந்தவருக்குப் போதாது. தேர்ந்தவருடைய பயிற்சி புதியவருக்கு ஊறு விளைக்கும். அவரவர் நிலையறிந்து பயிற்சியை வகுத்துக்கொள்ளுதல் எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

சோதனையும் பயிற்சியும்

தென் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊர்ப் பொதுவிடத்தில் உருண்டையான பெருங்கல் ஒன்று கிடப்பதைக் காணலாம். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். பொங்கல் விழா நாளில் இளைஞர்கள் அதனை மார்புவரை எடுத்துத் தோளில் ஏற்றிப் பின்புறம் வீழ்த்துவர். சூழ நிற்போர் ஆரவாரம் செய்வர். அக்கல்லின் எடை தூக்குபவருக்கேற்பக் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. அது இளைஞரின் வலிமையைச் சோதிக்குமேயன்றி, அவ்வலிமையை ஊட்டாது. அதனைத் தூக்கும் ஆற்றல், வயலிலும் களத்திலும் செய்த உழைப்பாலும், தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை முதலிய பயிற்சிகளாலும் முன்னரே வந்திருத்தல் வேண்டும்.

சோதனை வேறு, பயிற்சி வேறு என்பதை உணராதவர் பலர். பயிற்சிக்கூடத்திற்கு முதல் நாள் வரும் இளைஞன், பல ஆண்டுகள் பழகிய ஒருவர் தூக்கும் எடையைக் கண்டு, தானும் அதனையே தூக்க முயல்கிறான். முதுகு வளைகிறது, மூச்சுத் திணறுகிறது, இடுப்பில் சுளுக்குப் பிடிக்கிறது. சில வாரங்கள் படுக்கையில் கிடந்தபின், ‘இஃது எனக்கு ஒவ்வாது’ என்று கைவிட்டு விடுகிறான். ஒவ்வாதது பயிற்சியன்று, அவன் மேற்கொண்ட அளவே ஆகும்.

மருத்துவர் கண்ட முறை

சுமையை அளந்து ஏற்றும் முறைக்கு மருத்துவ உலகில் இடம் தேடித் தந்தவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். அவர் தம் இளமையில், மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் கொடிய காய்ச்சலுக்கு ஆளாகி, எடைப் பயிற்சியின் துணையால் உடல் தேறியவர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோ நகரத்துப் படைத்துறை மருத்துவமனை ஒன்றில் அவர் பணியாற்றினார். கால்களில் காயமுற்ற வீரர் பலர் ஆங்கே இருந்தனர். சிறு எடையைப் பன்முறை தூக்கச் செய்வதே அந்நாளைய வழக்கம். அதனால் தசைக்குத் தளராமை வந்ததேயன்றி, இழந்த வலிமை மீளவில்லை என்பதை அவர் கண்டார்.

அவர் தம் முடிவுகளை 1945இல் வெளியிட்டார். பின்னர் 1948இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து அம்முறையை எளிதாக்கினார். ஒருவரால் பத்துத் தடவை மட்டுமே தூக்க இயலும் எடை எது என்று முதலில் காண வேண்டும். அது 20 கிலோ என்று கொள்வோம். முதற்சுற்றில் அதன் பாதியாகிய 10 கிலோவைப் பத்துத் தடவையும், இரண்டாம் சுற்றில் முக்காற்பங்காகிய 15 கிலோவைப் பத்துத் தடவையும், மூன்றாம் சுற்றில் முழு எடையாகிய 20 கிலோவைப் பத்துத் தடவையும் தூக்க வேண்டும். வலிமை மிகுந்து, முழு எடை எளிதாகும்போது எடையை உயர்த்த வேண்டும். நோயாளியின் இயல்பே இங்கு அளவுகோலாயிற்று. இவருடைய கன்று, சுமப்பவருக்காகக் காத்திருந்து வளர்ந்தது எனலாம்.

உடலில் நிகழ்வது யாது?

தசை என்பது நூலிழை போன்ற நுண்ணிய நார்களின் கற்றை. மூளையிலிருந்து நரம்பு வழியே வரும் ஆணைக்கேற்ப அந்நார்கள் சுருங்குகின்றன. தேர் இழுக்கும் காட்சியை நினைவிற்கொள்வோம். வடம் பிடித்த நூற்றுவரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலுக்கு அனைவரும் சேர்ந்து இழுத்தால் அது நகர்கிறது. ஆள்தொகை கூடவில்லை, ஒற்றுமையே கூடிற்று. பயிற்சியின் முதற்சில வாரங்களில் நிகழ்வதும் இதுவே. தசை பருப்பதற்கு முன்னரே வலிமை விரைந்து பெருகுகிறது. நரம்புகள் மிகுதியான நார்களை ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம். வாரங்கள் செல்லச் செல்ல நார்களும் தடிக்கின்றன. வடம் பிடிப்போர் ஒவ்வொருவரும் உரம் பெற்றாற்போல் ஆகிறது.

கடும்பயிற்சி செய்த அன்று உடல் வலிமை பெறுவதில்லை, களைப்பே அடைகிறது. பின்னர் உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு, ஓய்விலும் உறக்கத்திலும் அது தன்னைச் செப்பனிட்டுக்கொண்டு, முன்னினும் சற்று உரம் பெறுகிறது. ஆதலின், ஓய்வு பயிற்சிக்குப் பகையன்று, அதன் மறுபாதி. பயறு, பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றுள் இயன்றவற்றை உண்ணாமலும், இரவில் போதிய அளவு உறங்காமலும் செய்யும் பயிற்சி, உரமும் நீரும் இடாது செய்யும் உழவை ஒக்கும்.

தொடக்க நிலை

புதிதாகத் தொடங்குவோர் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பயின்றால் போதும். திங்கள், புதன், வெள்ளி என இடையில் ஒரு நாள் ஓய்வு அமைதல் நன்று. ஒவ்வொரு நாளும் உடல் முழுவதற்கும் பயிற்சி வேண்டும். அதற்கு நான்கு அசைவுகள் போதும். அவை உட்கார்ந்து எழுதல், தள்ளுதல், இழுத்தல், தரையிலிருந்து பளுவை எடுத்தல் என்பன. பஸ்கி முதலாவது வகை, தண்டால் இரண்டாவது, கம்பியைப் பற்றி உடலை மேலே இழுப்பது மூன்றாவது. தண்டால் எடுக்க இயலாதவர் சுவரிலோ உயர்ந்த பலகையிலோ கையூன்றித் தொடங்கலாம்.

முதலில் ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல ஓடியும் கைகால்களை அசைத்தும் உடலைச் சூடேற்ற வேண்டும். பின்னர் ஒவ்வொரு பயிற்சியையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை, இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் செய்யலாம். சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு வேண்டும். இன்னும் ஓரிரு தடவை செய்யலாம் என்னும் நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நாள்களில் பன்னிரண்டு தடவை செம்மையாகச் செய்ய முடிந்தால், எடையைச் சிறிது ஏற்றலாம். கைகளுக்கு ஒரு கிலோவும், கால்களுக்கு இரண்டரைக் கிலோவும் போதும். வடிவம் பிறழ்ந்தால் ஏற்றுதல் கூடாது.

இந்நிலையில் மைலோவின் கன்றைப் போலச் சுமை ஏறிக்கொண்டே போகும். ஆனால், எத்துணைக் காலம்? 20 கிலோவுடன் தொடங்கி, வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு 2.5 கிலோ வீதம் ஒருவர் ஏற்றுவதாகக் கொள்வோம். 52 வாரங்களில் 390 கிலோ கூடி, மொத்தம் 410 கிலோ ஆகிவிடும்! இஃது இயலாது என்பது வெளிப்படை. சில மாதங்களில் ஏற்றம் நின்றுவிடும். உணவும் உறக்கமும் குறைவின்றி இருந்தும், பல நாள் முயன்றும் எடை ஏறவில்லையாயின், தொடக்க நிலை முடிந்தது என்று அறிய வேண்டும். இது தோல்வியன்று, தேர்ச்சியின் அடையாளம்.

இடை நிலை

இடை நிலையினரின் உடல் முன்னினும் மிகுந்த சுமையைத் தாங்குகிறது. அதனால் களைப்பும் மிகுகிறது. ஒரு நாள் ஓய்வு அதற்குப் போதாது. ஆகவே, நாள்தோறும் ஏற்றுவதை விடுத்து, வாரத்திற்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, வளர்ந்த இளைஞர் ஒருவர் திங்களன்று 55 கிலோவைச் சுமந்து, ஐந்து தடவை வீதம் ஐந்து சுற்றுகள் உட்கார்ந்து எழலாம். புதனன்று 45 கிலோவுடன் இரண்டு சுற்றுகள் மட்டும் செய்து இளைப்பாறலாம். வெள்ளியன்று 62.5 கிலோவுடன் ஒரே சுற்று ஐந்து தடவை முயலலாம். அதில் வென்றால் அடுத்த வாரம் ஒன்றிரண்டு கிலோ கூட்டலாம். முதல் நாள் உழைப்பு, இடைநாள் ஓய்வு, இறுதிநாள் பலன் என்பது இதன் அமைப்பு. சிலர் நான்கு நாள் பயின்று, இரு நாள் மேலுடலுக்கும் இரு நாள் கீழுடலுக்குமாகப் பிரித்துக்கொள்வர். எதனைக் கொள்ளினும், செய்தவற்றை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் இன்றியமையாதது. நினைவு நம்மைப் புகழ்ந்து பேசும். குறிப்பேடு உள்ளதை உள்ளவாறே காட்டும்.

முதிர் நிலை

பல ஆண்டுகள் பழகியவருக்கு வாரமும் போதாது. மாதங்களைக் கொண்டே திட்டமிட வேண்டும். உழவுக்கும் விதைப்புக்கும் அறுவடைக்கும் தனித்தனிப் பருவங்கள் இருப்பது போல, பயிற்சி ஆண்டையும் பருவங்களாகப் பிரிக்கும் முறையை உருசிய அறிஞர் லெவ் மத்வேயெவ் 1960களில் விரித்துரைத்தார். முதற்பருவத்தில் எடை குறைவாகவும் தடவைகள் மிகுதியாகவும் இருக்கும். அடுத்த பருவத்தில் எடை மிகுந்து தடவைகள் குறையும். போட்டிக்கு முன் ஒன்றிரண்டு வாரம் உழைப்பைக் குறைத்து உடலைத் தெளிவிப்பர்.

இந்நிலையில் வளர்ச்சி எத்துணை மெல்லியது என்பதற்கு மணிப்பூர் வீராங்கனை மீராபாய் சானுவின் வரலாறு சான்றாகும். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தோளுக்கு ஏற்றித் தலைக்குமேல் உயர்த்தும் பிரிவில், அவருடைய மூன்று முயற்சிகளுள் ஒன்றேனும் நிறைவேறவில்லை. அவர் மனந்தளரவில்லை. அடுத்த ஆண்டே உலகப் போட்டியில், 48 கிலோ உடல் எடைப் பிரிவில், இரு வகைத் தூக்கிலும் சேர்த்து 194 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், 49 கிலோப் பிரிவில், 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். இவ்விரு வெற்றிகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நான்கு ஆண்டு. கூடிய எடை எட்டுக் கிலோ. புதியவர் ஒருவர் சில வாரங்களில் பெறும் ஏற்றத்தைப் பெற, உலகப் புகழ் வாய்ந்தவர் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த எட்டுக் கிலோவின் அருமையை அறிந்தவர் புதியவரை இகழார். புதியவரும் அவரைக் கண்டு அவசரப்படார்.

மாணவர் கடமை

மாணவர்களே! உங்களுள் பெரும்பாலோர் தொடக்க நிலையினரே. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ளோர் நாள்தோறும் ஏறத்தாழ 60 நிமிடம் உடலை உழைப்பில் ஈடுபடுத்துதல் வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் உரப்படுத்தும் செயல்கள் அதில் இடம்பெறல் வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. பளு தூக்கினால் இளையோரின் உயரம் குன்றிவிடும் என்று அஞ்சுவோர் உளர். தக்க ஆசிரியரின் மேற்பார்வையில் அளவோடு செய்யும் பயிற்சியால் வளர்ச்சி குன்றுவதில்லை. தீங்கு விளைவிப்பது, தன்னால் எவ்வளவு முடியும் என்று காட்ட முயலும் வீம்பே. கூர்மையான வலி தோன்றினால் உடனே நிறுத்துங்கள், ஆசிரியரிடம் கூறுங்கள். பழைய நோயோ காயமோ உடையவர் மருத்துவரைக் கலந்து தொடங்குங்கள்.

வலிமை ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பளு தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேசுவரியே ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. முதியோருக்கும் வலிமை வேண்டும். பிறர் துணையின்றி இருக்கையிலிருந்து எழவும், படியேறவும், தடுமாறும்போது விழாமல் நிற்கவும் அதுவே உதவுகிறது.

அடுத்திருப்பவரின் காளையை நோக்கி ஏங்குதல் வேண்டா. நம்மால் இன்று சுமக்கக்கூடிய கன்று எது என்று அறிந்து, அதனைச் செம்மையாகத் தூக்குவோம். நேற்றைய நம்மைவிட இன்று சிறிதேனும் வளர்ந்தோமா என்று மட்டும் பார்ப்போம். பொறுமையோடு ஏற்றப்படும் சிறு சிறு சுமைகளே பெருவலிமையாகத் திரளும்.