ஒரு நாள் டிக்கெட் 199 டாலர், மூணு நிமிட ரைடுக்கு ஒரு மணி நேர கியூ: டிஸ்னி டூர் இன்னும் வொர்த்தா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், ஆர்லாண்டோ. டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பார்க்கில் 'பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்' என்று ஒரு ரைடு இருக்கிறது. பறக்கும் கப்பலில் உட்கார்ந்து, கீழே லண்டன் நகரத்து விளக்குகளைப் பார்த்தபடி ஒரு சுற்று. ஏறினால் மூணு நிமிடத்தில் இறங்கிவிடலாம். ஆனால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் நிற்பது அங்கே சர்வசாதாரணம். 2025 கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்தப் பார்க்குக்குள் கால் வைக்க ஒருவருக்கு ஒரு நாளைக்கு 199 டாலர். வரி தனி.

ஆன்சைட் போன ஐ.டி. ஊழியர்கள், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று நம்மூர்க்காரர்கள் பலரது லிஸ்ட்டிலும் டிஸ்னி இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தக் கோட்டை போட்டோ வராத விடுமுறை சீசனே இல்லை. போட்டோவுக்குப் பின்னால் இருக்கும் பில்தான் ஸ்டேட்டஸில் வருவதில்லை.

அப்போ எவ்வளவு, இப்போ எவ்வளவு?

கலிஃபோர்னியாவின் அனஹைமில் முதல் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955 ஜூலை 17. ஆர்லாண்டோவில் மேஜிக் கிங்டம் திறந்தது 1971 அக்டோபர் 1. அன்றைய நுழைவுக் கட்டணம் 3.50 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் இன்றைய மதிப்பில் 28 டாலர் சுமாருக்குத்தான் வரும்.

இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது உள்ளே போக ஒரு டிக்கெட், ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனி கூப்பன். ஏ, பி, சி, டி, ஈ என்று தரம் பிரித்திருந்தார்கள். அதில் 'ஈ' கூப்பன்தான் பெரிய ரைடுகளுக்கு. 1982-ல்தான் ஒரே டிக்கெட்டில் எல்லா ரைடும் என்ற முறை முழுமையாக வந்தது. அதனால் அன்று 3.50 டாலரில் மொத்தப் பார்க்கையும் சுற்றினார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அதற்காக 28-க்கும் 199-க்கும் இடையிலான தூரத்தைக் கூப்பன் கணக்கை வைத்து நிரப்பிவிடவும் முடியாது.

இன்னொரு மாற்றம், தேதிக்குத் தேதி விலை. 2016-ல் கூட்டத்தைப் பொறுத்து மாறும் டிக்கெட் விலையைக் கொண்டுவந்தார்கள். 2018-ல் டிஸ்னி வேர்ல்டில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு விலை வந்துவிட்டது. தீபாவளி சமயத்து ஆம்னி பஸ் கட்டணம் மாதிரிதான். எல்லோருக்கும் லீவு கிடைக்கும் நாளில் விலை உச்சம்.

கியூவையே விற்க ஆரம்பித்த கதை

விலை ஏறியதைவிடப் பெரிய மாற்றம் கியூவில்தான் நடந்தது. 1999-ல் டிஸ்னி 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ரைடுக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினில் நுழைவுச் சீட்டைச் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். அந்த நேரத்துக்குப் போனால் நீண்ட கியூவில் நிற்க வேண்டாம். இதற்குக் காசு கிடையாது. மூணு பிள்ளைகளோடு பழைய வேனில் வந்த குடும்பத்துக்கும், விலை உயர்ந்த ஹோட்டலில் தங்கியவருக்கும் அதே மெஷின், அதே சீட்டு.

கொரோனாவுக்காகப் பார்க்குகள் மூடப்பட்டபோது நின்ற அந்த முறை அப்படியே திரும்ப வரவில்லை. 2021 அக்டோபரில் 'ஜீனி பிளஸ்' என்ற பெயரில் வந்தபோது டிஸ்னி வேர்ல்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் ஆகியிருந்தது. 2024-ல் பெயர் 'லைட்னிங் லேன் மல்டி பாஸ்' என்று மாறியது. இப்போது அதன் விலையும் நாளுக்கு நாள் மாறுகிறது. நெரிசலான நாட்களில் மேஜிக் கிங்டமில் 35 டாலருக்கும் மேல் போகிறது. அதைக் கொடுத்தாலும் 'ட்ரான்' போன்ற ஒன்றிரண்டு பெரிய ரைடுகள் அதில் வராது. அவற்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

2024 இறுதியில் வந்தது 'பிரீமியர் பாஸ்'. நேரம் எல்லாம் புக் செய்ய வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் நேராக வேகக் கியூவுக்குப் போகலாம். அறிமுகமானபோது மேஜிக் கிங்டமில் இதன் அதிகபட்ச விலை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 449 டாலர். நுழைவு டிக்கெட் இதில் சேராது.

உச்ச சீசனில் நான்கு பேர் கொண்ட குடும்பம் இந்த இரண்டையும் வாங்கினால் டிக்கெட் 796 டாலர், பாஸ் 1,796 டாலர், ஆக மொத்தம் 2,592 டாலர். கணக்குக்கு வசதியாக டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். ஒரே ஒரு நாளுக்கு, ஒரே ஒரு பார்க்குக்கு! சாப்பாடு, ஹோட்டல், விமான டிக்கெட், விசா எதுவும் இதில் இல்லை.

இதில் டிஸ்னியை மட்டும் குறை சொல்ல முடியாது. யுனிவர்சல் பார்க்குகளில் காசு கொடுத்துக் கியூவைத் தாண்டும் 'எக்ஸ்பிரஸ் பாஸ்' அதற்கு முன்பே வந்துவிட்டது. டிஸ்னி லேட்டாக வந்தது, அவ்வளவுதான்.

சரி, நாம பாஸ் வாங்கலைன்னா என்ன ஆகும்?

இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. 'வேண்டியவங்க வாங்கிக்கட்டும், நமக்கென்ன' என்று தோன்றும். ஆனால் ரைடில் இருக்கும் இருக்கைகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. மணிக்கு ஆயிரம் பேர் ஏறக்கூடிய ரைடு என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 இடங்கள் பாஸ் வாங்கியவர்களுக்குப் போனால், சாதா கியூவுக்கு மிச்சம் 400. அந்தக் கியூவில் 800 பேர் நின்றால் கடைசி ஆள் ஏற இரண்டு மணி நேரம் ஆகும். பாஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டால் அதே 800 பேரும் ஒரு மணி நேரத்துக்குள் ஏறியிருப்பார்கள், அவர்களோடு சேர்ந்து பாஸ் கியூவில் இருந்த கொஞ்சம் பேரும் ஏறியிருப்பார்கள். பாஸ் வாங்கியவருக்கு மிச்சமாகும் நேரம் வாங்காதவரின் நேரத்திலிருந்துதான் வருகிறது. சாதா கியூ நீள நீள, பாஸ் வாங்கலாமா என்ற ஆசையும் கூடும்.

கூட்டத்தின் அளவையும் பார்த்துவிடலாம். தீம் பார்க் துறையின் ஆண்டறிக்கைக் கணக்குப்படி 2023-ல் மேஜிக் கிங்டமுக்கு வந்தவர்கள் சுமார் 1.77 கோடி பேர். சராசரியாக நாளொன்றுக்கு 48 ஆயிரத்துக்கும் மேல். ஒரு பெரிய ரோலர் கோஸ்டரில் மணிக்கு 2,000 பேர் ஏறினால், 13 மணி நேரத்தில் 26,000 பேர். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அன்று உள்ளே வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அந்த ரைடு கிடையாது. இது சாதாரண நாளின் கணக்கு.

கவனிக்க வேண்டிய விஷயம், 2019-ல் இதே பார்க்குக்கு வந்தவர்கள் சுமார் 2.1 கோடி பேர். அதாவது ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். ஆனால் பார்க்குகள், சொகுசுக் கப்பல்கள், பொம்மை விற்பனை எல்லாம் சேர்ந்த டிஸ்னியின் 'எக்ஸ்பீரியன்சஸ்' பிரிவு 2024 நிதியாண்டில் ஈட்டிய செயல்பாட்டு லாபம் சுமார் 927 கோடி டாலர், கொரோனாவுக்கு முந்தைய அளவைவிட அதிகம். குறைந்த ஆட்கள், தலைக்கு அதிகப் பணம் என்பதுதான் கணக்கு. 2022 நவம்பரில் மீண்டும் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த பாப் ஐகரே, லாப ஆசையில் விலை விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோம் என்ற பொருளில் 2023-ல் பேசினார். டிஸ்னி ஹோட்டல்களில் தங்குவோருக்கு இரவு பார்க்கிங் மறுபடி இலவசமானது. டிக்கெட் விலை இறங்கியதா என்றால், இல்லை.

கடன் வாங்கியா மிக்கி மவுஸைப் பார்ப்பார்கள்?

பார்க்கிறார்கள். 'லெண்டிங்ட்ரீ' என்ற அமெரிக்க நிதிச் சேவை நிறுவனம் 2024-ல் நடத்திய சர்வேயில், டிஸ்னி போய்வந்தவர்களில் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள பெற்றோரில் 45 சதவீதம் பேர் அந்தப் பயணத்துக்காகக் கடன்பட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதற்காக வருத்தப்படவில்லை என்பதுதான் இதில் ஆச்சரியம்.

அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒரு அனுபவத்தை நினைவில் வைக்கும்போது, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மனசு அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை, உச்சமான தருணத்தையும் முடிவையும்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று காட்டியவர் உளவியலாளர் டேனியல் கானமேன். நாலு மணி நேரம் வெயிலில் நின்றது மங்கிவிடும். ராத்திரி கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை வெடித்தபோது பிள்ளை வாய் பிளந்து நின்றது நிற்கும். டிஸ்னி நாளை வாணவேடிக்கையோடு முடிப்பது சும்மா இல்லை.

கியூவிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், ஏதாவது பார்த்துக்கொண்டு நின்றால் அவ்வளவு தெரியாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் கொடுமை என்று டேவிட் மைஸ்டர் 1985-லேயே எழுதியிருக்கிறார். கியூவே ஒரு செட் மாதிரி அலங்கரிக்கப்பட்டிருப்பதும், வாசலிலேயே '70 நிமிடம்' என்று போர்டு வைப்பதும் இதனால்தான். பல நேரங்களில் போர்டில் போட்டதைவிடச் சீக்கிரமே ஏறிவிடுவீர்கள். ஐம்பது நிமிடம் நின்றுவிட்டு, இருபது நிமிடம் லாபம் என்று சந்தோஷப்படுவீர்கள்.

அதற்காக அந்தச் சந்தோஷம் பொய் என்று ஆகிவிடாது. பிள்ளைக்கு ஏழெட்டு வயது, அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், நாலு பேரும் போனைக் கீழே வைத்துவிட்டு முழுசாக ஒரு நாள் ஒன்றாக இருந்து எத்தனை மாதம் ஆகியிருக்கும்? அதற்கு ஒரு விலை கொடுக்கலாம். அது ஆறு மாத கிரெடிட் கார்டு பாக்கியாக மாறக் கூடாது.

சென்னையிலும் இதே கதைதான்

கூட்ட நாளுக்கு ஒரு விலை, கியூவைத் தாண்ட ஒரு விலை என்பது அமெரிக்காவோடு நிற்கவில்லை. 2000-ல் கொச்சியில் 'வீகாலேண்ட்' என்று தொடங்கி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று விரிந்து, 2025 டிசம்பரில் சென்னை திருப்போரூர் பக்கம் வந்திருக்கும் வொண்டர்லாவிலும் 'ஃபாஸ்ட் டிராக்' டிக்கெட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகிறவர் அதை வாங்கத் தோன்றுவது இயல்பு. அந்தக் காசுக்கு ஒரு நாள் லீவு போட்டுச் செவ்வாய்க்கிழமை போனால் பாஸே தேவைப்படாது.

டிஸ்னிதான் வேண்டும், ஆனால் அமெரிக்காவில் யாரும் இல்லை என்பவர்கள் டோக்கியோவைப் பார்க்கலாம். அங்கே ஒரு நாள் டிக்கெட் தேதியைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென். நம்ம காசில் தோராயமாக 5,000 முதல் 6,500 ரூபாய். அந்தப் பார்க்குகளை நடத்துவது டிஸ்னி அல்ல, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி. கூட்டத்துக்கும் அங்கே குறைவில்லை, சில ரைடுகளுக்குக் காசு கட்டி முந்தும் வசதியும் வந்துவிட்டது. ஆனாலும் மொத்த பில் ஆர்லாண்டோ அளவுக்கு வராது.

அப்போ யார் போகலாம், எப்போ போகலாம்?

மூணு வயதுக் குழந்தைக்காக இந்தியாவிலிருந்து டிஸ்னிக்கென்றே கிளம்புவது, வெளிப்படையாகச் சொன்னால், வேஸ்ட். மூணு வயது முடியாத குழந்தைக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனால் அந்த வயதில் ஸ்ட்ரோலரில் தூங்கும் நேரம்தான் அதிகம். கிறிஸ்துமஸ் வாரமும், மார்ச், ஏப்ரலில் வரும் ஸ்பிரிங் பிரேக், ஈஸ்டர் நாட்களும் பாஸ் வாங்கினாலும் தவிர்க்க வேண்டியவை. ஏற்கெனவே அமெரிக்காவில் வேலை நிமித்தம் இருக்கிறீர்கள், பிள்ளைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வயது, லீவை நினைத்த வாரத்தில் எடுக்க முடியும் என்றால், தாராளமாகப் போகலாம்.

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஓடும் மே முதல் இரண்டு வாரங்களில் அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். ஈஸ்டர் கூட்டம் போயிருக்கும், கோடைக் கூட்டம் வந்திருக்காது. ஃபுளோரிடா வெயிலைப் பற்றி அமெரிக்கர்கள் புலம்புவார்கள், சென்னைக்காரர்களுக்கு அது பழகியதுதான். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் இன்னும் காலியாக இருக்கும். ஆனால் அது புயல் சீசன்.

பார்க் திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நின்றால், முதல் ஒரு மணி நேரத்தில் முடியும் ரைடுகள் மதியம் மூன்று மணி நேரத்தில்கூட முடியாது. வெளியிலிருந்து சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோக டிஸ்னி வேர்ல்டில் அனுமதி உண்டு, கண்ணாடிப் பாட்டில் மட்டும் கூடாது. அதனால் புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையின் உயரம். 'ட்ரான்' ரைடுக்குக் குறைந்தது 122 சென்டிமீட்டர் வேண்டும், 'செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெய்ன்' என்றால் 97 போதும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை ஏற முடியாத ரைடுக்கு அப்பா போய்வரும்வரை அம்மா பார்த்துக்கொண்டால், பிறகு அம்மா மறுபடி முழுக் கியூவில் நிற்காமல் ஏறலாம். 'ரைடர் ஸ்விட்ச்' என்று பெயர். இதற்கு இன்னும் காசு வாங்க ஆரம்பிக்கவில்லை.