நடப்பவருக்கே முதல் உரிமை



மின்சாரத்தில் ஓடும் சைக்கிளும் ஸ்கூட்டரும் இன்று பட்டணத்தோடு நின்றுவிடவில்லை. நடப்பவரும் ஓட்டுபவரும் சேர்ந்து புழங்கும் பாதையில் இவற்றை எப்படி ஓட்டவேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

மோட்டார் சைக்கிள் வந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்கும், நாம் ஒதுங்கிக்கொள்வோம். மின்வண்டியோ ஏறக்குறைய ஓசையில்லாமல் வரும். பாதையில் நடப்பவரின் காதுக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை. ஆகவே, எச்சரிக்கும் கடமை முழுவதும் ஓட்டுபவரையே சேர்கிறது.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். ஆபத்தைக் கண்டு, பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 10 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 10 கிலோமீட்டர் வேகத்தில் அது 4 மீட்டர்தான். மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25-இல் மோதினால், 10-இல் மோதுவதைவிட ஆறு மடங்குக்கும் அதிகம்.

சிங்கப்பூரின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். அங்கே 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பை 15-லிருந்து 10 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பிடோக் வட்டாரத்தில் சைக்கிளில் சென்ற 65 வயது மாது ஒருவர் மின்ஸ்கூட்டர் மோதி, சில நாட்களில் உயிரிழந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்கே தடை வந்தது. சைக்கிள் பாதைகளில் மட்டும் 25 கிலோமீட்டர் வரம்புக்குள் ஓட்டலாம். நம் மலேசியாவிலும் 2021 டிசம்பர் 17 முதல் பொதுச் சாலைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டுவதற்குத் தடை உண்டு. பெற்றோர் வாங்கித் தருமுன் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

சரி, தோட்டத்துச் செம்மண் பாதைக்கு வருவோம். செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீண்ட கம்பு அரிவாளைத் தோளில் சுமந்து நடக்கிறார். நீங்கள் பின்னால் நெருங்கி வந்து திடீரென்று மணி அடித்தால், அவர் திரும்புவார். அவரோடு கம்பும் திரும்பிப் பாதையை மறித்துவிடும். எனவே தூரத்திலேயே மணி அடியுங்கள். அவர் திரும்பிப் பார்த்து ஒதுங்கும்வரை வேகத்தைக் குறைத்துக் காத்திருங்கள். பிறகு வலப்புறமாக, நடை வேகத்தில் கடந்து செல்லுங்கள். முதியோர், குழந்தைகள், மாடுகள் எதிர்ப்பட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. சைக்கிள் ஏறிக் கடக்கும் பள்ளத்தில் அது சிக்கி, நின்றபடி ஓட்டுபவரை முன்னே எறிந்துவிடும். மழை பெய்த செம்மண்ணில் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு இவை கட்டாயம் வேண்டும். ஒருவருக்கான வண்டியில் இருவர் ஏறக்கூடாது. காதில் பாட்டுக் கருவி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக இன்னொரு கணக்கு. ஆட்கள் நடக்கும் 300 மீட்டர் பாதையை 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 43 விநாடி ஆகும். 10 கிலோமீட்டர் வேகத்தில் 108 விநாடி. அவசரப்பட்டு நாம் மிச்சம் பிடிப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அதற்காக இன்னொருவரின் கை கால்களைப் பணயம் வைக்கலாமா? சிந்தித்துப் பாருங்கள்.