முற்றத்துக் கல்லும் மும்பை மழையும்

மும்பையிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் ஷாஹாபாத் ஸ்டேஷனைக் கவனித்திருக்கிறீர்கள்? கலபுரகிக்கும் வாடி ஜங்ஷனுக்கும் நடுவே வரும் ஊர் அது. நம் ஹவுஸிங் சொசைட்டி வளாகங்களிலும் நடைபாதைகளிலும் பாவியிருக்கிற சாம்பல் நிறப் பலகைக் கல்லுக்கு அந்த ஊர்ப் பெயர்தான். அதே பாதையில் இன்னும் தெற்கே போனால் கடப்பை. சமையலறை மேடையில் இருக்கும் கறுப்புக் கல் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. டில்லி பாதையில் ராம்கஞ்ச் மண்டிப் பக்கமிருந்து வருவது கோட்டா கல். நிறம் மூன்று, இனம் ஒன்று. மூன்றுமே சுண்ணாம்புக் கற்கள்.

மழைக்கு முன் இந்தக் கல்லுக்கு 'சீலர்' பூசலாமா என்று சங்கத்துக்கு வரும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சொசைட்டி வளாகத்தில் ஷாஹாபாத் கல் பாவினோம். "ரயில்வே இன்ஜினீயர் இருக்கிறாரே" என்று கமிட்டியில் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். மே மாதக் கடைசியில் கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்தார்கள். ஆசிட் ஊற்றிக் கல்லைக் கழுவினார்கள். மறுநாளே பளபளக்கும் பூச்சு ஒன்றைப் பூசினார்கள். தரை கண்ணாடி போல மின்னியது. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பில்லில் கையெழுத்திட்டேன்.

ஜூலை பாதியில் பூச்சுக்கு அடியில் பால் சிந்தியது போல வெண்திட்டுகள் தோன்றின. ஓரங்கள் தோலாக உரிந்தன. ஒரு நாள் காலை பால் வாங்கப் போன கீழ்த்தள மாமி அந்தக் கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கான்ட்ராக்டரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் வேலை சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

இருப்புப் பாதைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே என் மேலதிகாரி சொன்னார்: "பாதைக்கு எதிரிகள் மூன்று பேர். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்." தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கொட்டுவதற்கு ஒரு காரணம், விழுந்த மழை தேங்காமல் வடிந்துவிட வேண்டும் என்பதே. இதையே ஆயுள் முழுதும் செய்துவிட்டு, என் வீட்டு வாசலில் மறந்துவிட்டேன்.

நடந்தது என்ன?

பாவிய கல்லுக்குத் தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. இணைப்புகள் வழியாக உள்ளே இறங்குகிறது, அடி மண்ணிலிருந்தும் ஏறுகிறது. அது ஆவியாக மேலே வெளியேற வேண்டும். கல்லின் மேல் படலமாக நிற்கும் அக்ரிலிக் போன்ற பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் பூச்சை வெளுக்கச் செய்கிறது, தள்ளி உரிக்கிறது. சிமென்ட் கலவையிலிருந்து கரைந்து வரும் உப்பும் சேர்ந்துகொள்கிறது. நனைந்த பளபளப்புப் பூச்சில் காலுக்குப் பிடிப்பும் இல்லை.

ஆசிட் செய்த கேடு வேறு. கடப்பைக் கல் மேடையில் எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ பட்ட இடம் வெளுத்துப் போவதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவார்கள். சுண்ணாம்புக் கல்லை அமிலம் அரிக்கும். அரிபட்ட கல் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும்.

இன்னொரு வகை சீலர் இருக்கிறது. சிலேன், சிலாக்ஸேன் என்ற வேதிப்பொருள்கள் கொண்டது. இது மேலே படலமாக நிற்காமல் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கும். தண்ணீர் ஒட்டாது, ஆனால் ஆவி வெளியேறும். மழை ஊரில் திறந்தவெளிக் கல்லுக்கு ஏற்றது இந்த வகைதான். டப்பாவில் 'சுண்ணாம்புக் கல்லுக்கு ஏற்றது' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செய்யும் முறை

முதலில், சீலர் தேவைதானா என்று பாருங்கள். உலர்ந்த கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் கல் கறுத்தால் அது தண்ணீரைக் குடிக்கிறது. கால் மணி நேரமாகியும் சொட்டு அப்படியே நின்றால் சீலருக்குச் செலவழிக்க வேண்டாம். மெருகேற்றிய கோட்டா கல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது வாட்டம். ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு இருக்க வேண்டும். நாலு வாளித் தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்துப் பாருங்கள். குட்டை நின்றால் அந்தக் கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்க வேண்டும். பூச்சு எதுவும் பள்ளத்தை நிரப்பாது. விரிந்த இணைப்புகளைச் சுரண்டிச் சிமென்ட் கலவையால் அடைத்து, நாலு வாரம் விடுங்கள்.

சுத்தம் செய்ய ஆசிட் கூடவே கூடாது. சோப்புத் தண்ணீரும் கெட்டி பிரஷ்ஷும் போதும். பாசிக்குப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றித் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். மிகவும் எச்சரிக்கை தேவை.

பிறகு காய வேண்டும். இரண்டு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைக் கல்லின் மேல் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டு வையுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, பூசக் கூடாது. மும்பையில் ஜூன் இரண்டாம் வாரம் மழை தொடங்கிவிடும். ஆகவே பொங்கலுக்கும் தமிழ் வருடப் பிறப்புக்கும் இடைப்பட்ட மாதங்களே நல்ல காலம்.

மூலையில் ஒரு கல்லில் பூசிப் பார்த்து, நிறம் மாறவில்லை என்றால் மற்றதைத் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் மெல்லியதாகப் பூசி, கல் குடித்தது போக மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது. பிறகு ஆண்டுதோறும் மழை முடிந்ததும் சொட்டுச் சோதனை செய்யுங்கள். கல் மறுபடி தண்ணீர் குடிக்கத் தொடங்கினால் மறுபடி பூசினால் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எந்த சீலரும் வழுக்கலைப் போக்காது. வெளியில் மெருகில்லாத சொரசொரப்பான கல்லே போட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பாசி தேய்க்க வேண்டும்.

எங்கள் வளாகத்தில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்கவே மூன்று வாரமாயிற்று. பிறகு வாட்டத்தைச் சரி செய்து, ஓரத்தில் கால்வாய் வெட்டினோம். சீலர் கடைசியில்தான் வந்தது. நம் பாட்டனார் காலத்து முற்றங்களில் சீலர் ஏது? ஆனால் ஜலதாரை இல்லாத முற்றம் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

மாமியின் கை குணமாகிவிட்டது. ஆனால் மழை நாளில் இன்றும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். உங்கள் சொசைட்டியில் இந்த வேலை வந்தால், பில்லில் கையெழுத்திடுமுன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது எங்கே போகிறது என்று பாருங்கள்.