எந்தப் பைத்தான், எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணி மூன்று என்று சொல்லிவிடும். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. அதன் மேல் குற்றமில்லை. யூனிகோடு முறையில் 'மி' என்பது மகரமும் இகரக்குறியுமாக இரண்டு குறியீடுகள். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இன்னும் இரண்டு. பைத்தான் குறியீடுகளை எண்ணுகிறது, நாம் எழுத்துகளை எண்ணுகிறோம். இதைச் சரிக்கட்ட ஆளாளுக்குத் தனியாக நிரல் எழுத வேண்டியதில்லை. ஓப்பன்-தமிழ் என்ற லைப்ரரியை இறக்கிக்கொண்டால் அது மூன்று என்று சரியாக எண்ணித் தரும்.

இறக்குவது ஒரு வரி வேலை: 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்'. வெற்றிகரமாக இறங்கியது என்று திரையில் செய்தியும் வந்துவிடும். அடுத்து நிரலுக்குள் போய் அதே பெயரை 'இம்போர்ட்' செய்தால் எரர். பெயரின் நடுவிலுள்ள கோட்டைப் பைத்தான் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்கிறது. கோட்டை அடிக்கோடாக மாற்றிப் பார்த்தால், அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. இப்போதுதானே இறக்கினோம் என்று திகைக்கும் இடம் இது. புதிதாகக் கற்க வருகிறவர்களில் எத்தனையோ பேர் இந்த இடத்தில் மனம் சோர்ந்து எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் வீடுகளில் ரேஷன் கார்டில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் இருக்கும் அல்லவா, லைப்ரரிகளுக்கும் அப்படித்தான். பதிவேட்டில் ஓப்பன்-தமிழ் என்று இருப்பதை நிரலுக்குள் வெறும் 'தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் கூப்பிட வேண்டும். சைகிட்-லேர்ன் என்று இறக்கியதை எஸ்கேலேர்ன் என்றும், பியூட்டிஃபுல்சூப்4 என்று இறக்கியதை பிஎஸ்4 என்றும் அழைக்க வேண்டும். படங்களைக் கையாளும் பில்லோவின் கதை இன்னும் சுவையானது. அதற்கு முன் பிஐஎல் என்றொரு லைப்ரரி இருந்தது; அதன் கடைசிப் பதிப்பு 2009இல் வந்தது. அதன் பிறகு வளர்ச்சி நின்றுபோக, அதிலிருந்து கிளை பிரித்து 2010இல் பில்லோவைத் தொடங்கினார்கள். ஏற்கெனவே பிஐஎல் என்று எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் தொடர்ந்து ஓட வேண்டுமே என்று உள்ளே கூப்பிடும் பெயரை மாற்றாமல் விட்டார்கள். அதனால்தான் இன்றும் பில்லோவை இறக்கி பிஐஎல் என்று இம்போர்ட் செய்கிறோம். புதியவருக்குக் குழப்பமாகப் படுவது, பழையவர்களின் நிரல்களைக் காப்பாற்ற எடுத்த முடிவு.

பைத்தானோடு கூடவே வரும் மாட்யூல்கள் அஞ்சறைப் பெட்டி மாதிரி. கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதில் இல்லாததற்குக் கடைக்குப் போக வேண்டும். அந்தக் கடை பைபிஐ என்ற பொதுப் பதிவேடு. 2003இல் தொடங்கிய அதில் இப்போது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட லைப்ரரிகள் இருக்கின்றன. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரும் ஆள்தான் பிப். இயன் பிக்கிங் என்ற நிரலர் 2008இல் எழுதியது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், ஆளுக்கொன்றாகச் செய்து வைத்த பொருள்கள் இவை. ஒருவர் செய்தது இன்னொருவர் செய்ததை நம்பி நிற்கிறது. பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த ஒட்டிடங்களில்தான் பிறக்கின்றன.

எரர் வந்தால் பைத்தான் ட்ரேஸ்பேக் என்று நீளமாக ஒன்றைக் கொட்டும். சிவப்பு எழுத்தில் ஐம்பது வரிகளைக் கண்டதும் படிக்காமலே திரையை மூடிவிடுகிறோம், அல்லது முதல் வரியிலிருந்து படித்துப் பத்தாம் வரியில் விட்டுவிடுகிறோம். ட்ரேஸ்பேக்கைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரியில்தான் என்ன நடந்தது என்று இருக்கும். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு வரியும், யார் யாரைக் கூப்பிட்டதால் அங்கே போய்ச் சேர்ந்தோம் என்ற தடம். அந்தத் தடத்தில் கோப்புகளின் முழு முகவரியும் வரி எண்ணும் இருக்கும். 'சைட்-பேக்கேஜஸ்' என்ற சொல் உள்ள முகவரிகள் கடையில் வாங்கியவை; மற்றவற்றில் பைத்தானோடு கூடவே வந்தவை போக மிச்சம் நீங்கள் எழுதியவை. கீழிருந்து ஏறி வரும்போது உங்கள் கோப்பின் பெயர் முதன்முதலில் எங்கே தென்படுகிறதோ அங்கே நில்லுங்கள். உங்கள் கையிலிருந்து லைப்ரரியின் கைக்கு வேலை மாறிய இடம் அது. எண் கேட்கும் இடத்தில் எழுத்துச்சரத்தைக் கொடுத்தோமா, வெற்றுக் கோப்பை நீட்டினோமா என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்கள் கோப்பின் இம்போர்ட் வரியிலேயே தடுக்கி விழுந்திருந்தால், கோளாறு உங்கள் தர்க்கத்தில் இல்லை, வாங்கி வைத்த சாமானிலோ பைத்தான் அதைத் தேடும் இடத்திலோ இருக்கிறது. இந்த ஒரு பாகுபாடே பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

சரியான பெயரில்தான் இம்போர்ட் செய்கிறோம், ஆனாலும் மாட்யூல் இல்லை என்கிறது. அப்படியென்றால் முதல் சந்தேகம் பைத்தான் மேலேயே வர வேண்டும். உங்கள் கணினியில் ஒரு பைத்தான்தான் இருக்கிறது என்று நம்பாதீர்கள். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, நீங்கள் இறக்கியது ஒன்று, அனகோண்டா என்ற தொகுப்பு கொண்டுவந்தது ஒன்று என்று இரண்டு மூன்று இருப்பது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சைட்-பேக்கேஜஸ். பிப் ஒரு பைத்தானின் அலமாரியில் சாமானை வைக்க, நிரலை இன்னொரு பைத்தான் ஓட்டினால் அதற்கு எப்படித் தெரியும்? பிப்பை நேராகக் கூப்பிடாமல், 'பைத்தான்' என்று தொடங்கி 'ஹைபன் எம் பிப்' என்று சேர்த்து எழுதுவது நல்ல பழக்கம். எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதன் அலமாரிக்கே சாமான் போய்ச் சேரும். நிரலை ஓட்டுவது எது என்று தெரிய, 'சிஸ்' மாட்யூலின் 'எக்ஸிகியூட்டபிள்' மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். பாதை முழுதும் வந்துவிடும்.

அடுத்து, கோப்பு. மாலை நேரத்தில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலருக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். ஒரு மாணவி நம்பை லைப்ரரியை இறக்கிவிட்டு இம்போர்ட் செய்ததும் ஏதோ உள்ளுக்குள் உடைந்து எரர் வந்தது. மூன்று முறை அழித்து மறுபடி இறக்கினாள். மாற்றமில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பதிப்புகளைத் துருவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் எரருக்கு முன்னால் 'வணக்கம்' என்று ஒரு வரி அச்சாவதை இருவரும் கவனிக்கவே இல்லை. முதல் நாள் பயிற்சிக்காக அவள் எழுதிய துண்டு நிரலின் வரி அது. அந்தக் கோப்புக்கு அவள் வைத்த பெயர் 'ரேண்டம்'. அஞ்சறைப் பெட்டியில் அதே பெயரில் ஒரு மாட்யூல் இருக்கிறது, நம்பைக்கு உள்ளே அது தேவைப்படுகிறது. ஆனால் பைத்தான் எதையும் தேடும்போது ஓடுகிற நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். அங்கே இவளுடைய ரேண்டம் கிடைத்தது. அதை எடுத்து ஓட்டியது, 'வணக்கம்' அச்சானது, நம்பை கேட்டது அதில் இல்லாததால் எரர் வந்தது. கோப்பின் பெயரை மாற்றியதும் எல்லாம் சரியானது. இந்தத் தவறு உலகம் முழுவதும் நடக்கிறது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13இல், உங்கள் கோப்பின் பெயர் இன்னொன்றை மறைக்கிறது, மாற்றிப் பாருங்கள் என்று எரர் செய்தியிலேயே சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள், சந்தேகமான மாட்யூலின் 'ஃபைல்' பண்பை, முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்டு, அச்சிட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பைத்தானும் சரி, கோப்பும் சரி என்றால் மிஞ்சுவது பதிப்பு. இதுதான் ஆழமான கிணறு.

2022 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். இணையப் பக்கங்களுக்கு அச்சு வார்க்கும் ஜிஞ்சா2 என்ற லைப்ரரியின் பழைய 2.11 பதிப்பை, அது போதும் என்று, வேறு பதிப்பு இறங்காதபடி பூட்டி வைத்துப் பலர் பயன்படுத்தி வந்தார்கள். ஜிஞ்சா2 உள்ளுக்குள் மார்க்கப்சேஃப் என்ற சிறு லைப்ரரியை நம்பி நிற்கிறது. பழைய ஜிஞ்சா2 கேட்டது, மார்க்கப்சேஃப் 0.23 அல்லது அதற்கு மேல் எதுவானாலும் சரி என்று. மேல் எல்லை எதுவும் சொல்லவில்லை. அந்தப் பிப்ரவரியில் மார்க்கப்சேஃப் 2.1 வந்தது. 'சாஃப்ட் யூனிகோட்' என்ற பழைய ஃபங்ஷன் அதில் நீக்கப்பட்டிருந்தது. புதிதாக இன்ஸ்டால் செய்தவர்களுக்கெல்லாம் பிப் இந்தப் புதுப் பதிப்பைக் கொண்டுவந்து வைக்க, நேற்று வரை ஓடிய நிரல்கள் இம்போர்ட் வரியிலேயே விழுந்தன. தங்கள் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதவர்கள், மார்க்கப்சேஃப் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள், பதறிப்போனார்கள்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? மார்க்கப்சேஃப்காரர்கள் 2021 மே மாதம் வந்த 2.0 பதிப்பிலேயே, இந்த ஃபங்ஷன் போகப்போகிறது என்ற எச்சரிக்கையை வைத்துவிட்டார்கள். அந்த எச்சரிக்கை யார் கண்ணிலும் படாததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வகை எச்சரிக்கைகளை, நீங்கள் நேரடியாக ஓட்டும் கோப்பிலிருந்து வந்தாலொழிய, பைத்தான் வழக்கமாகக் காட்டுவதில்லை. லைப்ரரிக்குள் லைப்ரரி எழுப்பும் முனகல் வெளியே கேட்காது. கேட்க வேண்டுமென்றால் 'ஹைபன் எக்ஸ் டெவ்' என்ற விருப்பத்தோடு பைத்தானை ஓட்ட வேண்டும். மாதம் ஒருமுறையாவது இப்படி ஓட்டிப் பாருங்கள் என்று நான் எல்லோரையும் வற்புறுத்துவேன். வரப்போகும் உடைப்பு மாதக்கணக்கில் முன்னாலேயே தெரிந்துவிடும்.

நிரல் உடைந்தவர்களுக்கு உடனடி மருந்து, மார்க்கப்சேஃபை 2.0.1 என்று பூட்டுவது. நிரந்தர மருந்து ஜிஞ்சா2வை 3க்கு உயர்த்துவது. இதே கதை வேறு வேடங்களில் அடிக்கடி வரும். நம்பையில் 'இன்ட்' என்ற பழைய மாற்றுப்பெயருக்கு 1.20இல் எச்சரிக்கை வந்தது, 1.24இல் எடுத்துவிட்டார்கள். பைத்தான் 3.12 வந்தபோது டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய மாட்யூல் அஞ்சறைப் பெட்டியிலிருந்தே நீக்கப்பட்டது, அதை நம்பியிருந்த பழைய லைப்ரரிகள் விழுந்தன. நேற்று வரை இருந்த பெயர் இன்று இல்லை என்று எரர் சொன்னால், அந்த லைப்ரரியின் 'சேஞ்ச்லாக்' பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். எந்தப் பதிப்பில் போனது, பதிலுக்கு என்ன என்று அங்கே எழுதியிருக்கும்.

நம்பை போன்றவற்றில் இன்னொரு அடுக்கும் உண்டு. அவற்றின் உள்பாகம் சி மொழியில் எழுதி, முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி, 'வீல்' என்ற பொட்டலமாக வருகிறது. நம்பையின் உள் அமைப்பை அளவெடுத்து அதன் மேல் பொருத்தப்பட்ட மற்ற லைப்ரரிகளும் அப்படியே. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது, 2006க்குப் பிறகு வந்த முதல் பெரும் பதிப்பு. அளவுகள் மாறின. பழைய அளவுக்குத் தைத்த சட்டை புது உடம்புக்குப் பொருந்தவில்லை. 96 எதிர்பார்த்தேன், 88 கிடைத்தது என்கிற மாதிரி எண்களோடு ஒரு எரர் வந்தால் இந்த வகைதான். அங்கே உங்கள் நிரலைத் திருத்திப் பயனில்லை. இரண்டையும் ஒன்றுக்கொன்று ஒத்த பதிப்புகளாக மறுபடி இறக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லையும் குறைய, ஒவ்வொரு வேலைக்கும் தனி அடுப்பு வைப்பது நல்லது. 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் 'வென்வ்' என்ற வசதி கூடவே வருகிறது. ஒரு ஃபோல்டருக்குள் தனி பைத்தான், தனி அலமாரி. ஒன்றில் ஜிஞ்சா2 பழையது, இன்னொன்றில் புதியது என்று வைத்துக்கொள்ளலாம், சண்டை வராது. கெட்டுப்போனால் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு, இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் நேராகச் சாமான் வைப்பதையே மறுக்கிறது. அதை மீறி இறக்க ஒரு விருப்பம் உண்டு. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. எங்கோ படித்த வரியைப் பார்த்து அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

எரர் செய்தி சொல்கிறது என்பதற்காகக் கண்ணில் பட்ட பெயரையெல்லாம் இறக்குவதும் ஆபத்து. ஜெல்லிஃபிஷ் என்ற நல்ல லைப்ரரியின் பெயரில், ஆங்கில எல் எழுத்துக்குப் பதிலாகப் பெரிய ஐ எழுத்தைப் போட்டு ஒரு போலி பைபிஐயில் இருந்தது. கணினியிலிருக்கும் ரகசியச் சாவிகளைத் திருடும் வேலை அதற்கு. 2019 டிசம்பரில்தான் கண்டுபிடித்து நீக்கினார்கள். திரையில் இரண்டு பெயரும் ஒன்றுபோலவே தெரியும்.

எல்லாம் பார்த்தும் விடை வரவில்லை என்றால், புது வென்வ் ஒன்றில் அந்த லைப்ரரியை மட்டும் இறக்கி, உங்கள் நிரலில் பாதியை வெட்டிவிட்டு ஓட்டுங்கள். எரர் இன்னும் வந்தால் மிச்சத்தில் பாதியை வெட்டுங்கள். போய்விட்டால், வெட்டியதில் பாதியைத் திரும்பச் சேருங்கள். ஆயிரம் வரியும் பத்துச் சுற்றில் ஒரு வரியாகிவிடும். வெட்டிக்கொண்டே வரும்போதே காரணம் பிடிபட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். பிடிபடாவிட்டால் அந்தச் சில வரிகள், முழு ட்ரேஸ்பேக், பைத்தான் பதிப்பு, 'பிப் ஃப்ரீஸ்' தரும் லைப்ரரிப் பதிப்புகளின் பட்டியல் ஆகியவற்றோடு லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதுங்கள். இரவில் வேலை முடிந்து வந்து இதைப் பார்க்கிறவர்கள் அவர்களில் பலர், ஓட்டிப் பார்க்கக்கூடிய நாலு வரி கிடைத்தால் அவர்கள் நேரம் மிச்சம். திருத்தம் வரும்வரை முந்தைய பதிப்பைப் பூட்டி வையுங்கள். பூட்டிய வரிக்குப் பக்கத்தில் ஏன் பூட்டினீர்கள் என்றும் தேதியையும் ஒரு குறிப்பாக எழுதுங்கள், அடுத்த வருடம் அந்தக் கோப்பைத் திறக்கிறவர் அதை எடுக்கலாமா கூடாதா என்று முழிக்காமல் இருக்க.